ஒரே கல்லூரி, நான்கு பல்கலைக்கழகங்கள்: குமரி மாவட்டத்தில் நடந்தது என்ன?

கேள்வி: என் தாத்தா நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இன்டர்மீடியட் படித்தவர். அவருடைய சான்றிதழில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் என்று இருக்கிறது. பெரியப்பாவின் பட்டம் சென்னைப் பல்கலைக்கழகம், அப்பாவுடையது மதுரை, அக்காவுடையது மனோன்மணியம் சுந்தரனார். படித்தது எல்லோரும் ஒரே கல்லூரியில்தான். ஏன் இத்தனை மாற்றம்? அதனால் படிப்பிலும் ஏதாவது மாறியதா? இந்த ஆண்டு மாமா மகளை மாவட்டத்திலேயே ஒரு கலைக் கல்லூரியில் சேர்க்க வேண்டும். எதைப் பார்த்துச் சேர்ப்பது?

பதில்:

முத்திரை மாறியதைச் சொல்வது எளிது. ஆனால் அந்த நான்கு முத்திரைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் உண்மையான மாற்றம் கண்ணில் படாது. பெரிய மாற்றங்கள் சான்றிதழின் தலைப்பில் நடக்கவில்லை. கல்லூரியை யார் கட்டினார்கள், ஆசிரியருக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள் என்பதில்தான் நடந்தன. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் முத்திரைக் கதை. உங்கள் தாத்தாவின் கல்லூரி ஒரு செமினரியிலிருந்து கிளைத்தது. 1809இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தவ்பே மயிலாடியில் ஒரு பள்ளி தொடங்கினார். அவருக்குப் பின் வந்த சார்லஸ் மீட் அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். 1893இல் அது இரண்டாம் நிலைக் கல்லூரியானது. அதாவது எப்.ஏ. என்ற இரண்டு ஆண்டு இடைநிலைப் படிப்பு வரை படிக்கலாம், பி.ஏ. வேண்டுமென்றால் திருவனந்தபுரத்துக்கு வண்டி ஏற வேண்டும். திருவிதாங்கூர் தனி சமஸ்தானமாக இருந்தாலும் அங்கிருந்த கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்தியது சென்னைப் பல்கலைக்கழகம்தான். சமஸ்தானத்துக்கென்று சொந்தப் பல்கலைக்கழகம் 1937இல் வந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா வேந்தர், சர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தர். உங்கள் தாத்தாவின் சான்றிதழ் இந்தக் காலத்தது.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் 1957இல் கேரளப் பல்கலைக்கழகமானது. நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. 1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியதும் தென் மாவட்டங்கள் அதன்கீழ் வந்தன. 1990இல் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களைப் பிரித்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தை அமைத்தார்கள். அந்தப் பெயருக்கு உரிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் என்பதை நம்மூரில் பலர் மறந்துவிட்டார்கள்.

இத்தனை மாற்றத்திலும் வகுப்பறை பெரிதாக மாறவில்லை என்பதே என் கருத்து. பாடத்திட்டம் மாறும், வினாத்தாள் வரும் ஊர் மாறும்; பாடம் நடத்துபவரும் கரும்பலகையும் அதேதான். மாணவரை நேரடியாகப் பாதித்தது தூரம். கேரள எல்லையோரக் கொல்லங்கோட்டிலிருந்தோ களியக்காவிளையிலிருந்தோ ஒரு பையன் சான்றிதழில் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டுமென்றால் நாகர்கோவில் வந்து, ஆரல்வாய்மொழி கணவாயைக் கடந்து, திருநெல்வேலியில் இறங்கி, அங்கிருந்து மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க அதற்கே போய்விடும். அவன் வீட்டிலிருந்து திருவனந்தபுரம் அதில் பாதி தூரம்கூட இல்லை. மாநில எல்லை போட்டபோது இதையெல்லாம் யாரும் கணக்கில் எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் முடியாது. ரயில்வே மட்டும் இன்றும் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது.

இணைப்பால் வந்த மாற்றத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழ்நாடு 1978இல் கல்லூரியிலிருந்த புகுமுக வகுப்பான பி.யு.சி.யை எடுத்துவிட்டு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவைக் கொண்டுவந்தது. கேரளம் பிரீ டிகிரி வகுப்பைக் கல்லூரியிலேயே வைத்திருந்து, மெல்ல மெல்ல விலக்கி, 2000ஆம் ஆண்டை ஒட்டித்தான் முழுதாகப் பள்ளிக்கு மாற்றியது. ஆக இருபது ஆண்டுகளுக்கு மேல் களியக்காவிளைக்கு இப்பக்கம் பதினாறு வயதுப் பையன் சீருடையில் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அப்பக்கம் அவனுடைய மச்சான் வேட்டி கட்டிக்கொண்டு கல்லூரித் தேர்தலில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சோதனைச் சாவடிதான். நம் கல்லூரிகளுக்கு இதில் நட்டமும் உண்டு. பி.யு.சி. வகுப்புகள் போனதும் பல துறைகளில் பாடவேளை குறைந்து, கூடுதலாக ஆசிரியர் கேட்கக் காரணம் இல்லாமல் போனது.

இனி, கட்டியவர்கள் யார் என்பதற்கு வருவோம். மற்ற மாவட்டங்களிலிருந்து நம் மாவட்டம் வேறுபடுவது இங்கேதான்.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டத் தலைநகரங்களில் பழைய அரசுக் கலைக் கல்லூரி ஒன்று இருக்கும். நாகர்கோவிலில் அப்படி எதுவும் இல்லை. இன்று கோணத்தில் இருக்கும் அரசுக் கலை அறிவியல் கல்லூரி இந்த நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் நூறு ஆண்டுக்கு மேல் உயர்கல்வியைச் சுமந்தவை சபைகளும் சமூகச் சங்கங்களும் அறக்கட்டளைகளும்தான். இதற்கு வேர் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது. கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று ராணி கௌரி பார்வதி பாய் 1817இல் அறிவித்தது உண்மை. ஆனால் அரசுப் பள்ளிக் கதவு எல்லாச் சாதிக்கும் திறக்கவில்லை. பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் தோள்சீலை உரிமைக்காகத் தெருவில் அடிபட்ட மக்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டவை மிஷன் பள்ளிகள். பள்ளிக்கூடம் என்பது இங்கே தொடக்கத்திலிருந்தே மானப் பிரச்சினையாக இருந்தது. ஒரு சமூகம் பள்ளி கட்டினால் அடுத்த சமூகம் சும்மா இருக்காது.

கல்லூரியிலும் அதே போட்டிதான். ஸ்காட் கல்லூரி சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையினுடையது. 1952இல் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி வந்தது. நான்கே ஆண்டில் அந்தப் பெயரிலிருந்த தென் திருவிதாங்கூர் வரைபடத்திலிருந்து காணாமல் போனது, பெயர் மட்டும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. 1960களின் நடுவில் ஒரு பெரிய அலை அடித்தது. மார்த்தாண்டத்தில் 1964இல், இன்று நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி என்று அறியப்படும் கல்லூரி. மறு ஆண்டு நாகர்கோவிலில் கத்தோலிக்கக் கன்னியரின் ஹோலி கிராஸ் மகளிர் கல்லூரி. அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி. குழித்துறையில் இந்து சமய அறநிலையத் துறை நடத்தும் ஸ்ரீதேவி குமரி மகளிர் கல்லூரி. கொஞ்சம் பின்னால் 1970இல் ஆரல்வாய்மொழியில் அறிஞர் அண்ணா கல்லூரி. இந்தப் பட்டியலைப் பார்த்தாலே, எந்த ஊரில் எந்தச் சமூகத்துக்கு வசதியும் வேகமும் வந்திருந்தது என்று தெரிந்துவிடும்.

இணைப்பும் இந்த அலைக்கு ஒரு காரணம். திருவனந்தபுரம் வேறு மாநிலத் தலைநகராகிவிட்ட பிறகு அங்கே இடம் கிடைப்பதும், அங்கே படித்துவிட்டு இங்கே வேலை தேடுவதும் சிக்கலாயின. முந்தைய தலைமுறைக்கு அப்படி இல்லை. தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை கோட்டாற்றுப் பள்ளியிலும் பாடம் நடத்தினார், திருவனந்தபுரம் பெண்கள் கல்லூரியிலும் பாடம் நடத்தினார். அது அன்று உள்ளூர் மாற்றலைப் போலத்தான்.

இந்த அலையில் நான் அதிகம் மதிப்பது பெரிய கட்டடங்களை அல்ல, தூத்தூர் புனித யூதா கல்லூரி மாதிரி ஒன்றை. மேற்குக் கடற்கரையில், ஆழ்கடல் மீன்பிடிக்குப் பேர்போன ஊர்களின் நடுவில் 1980களில் எழுந்த கல்லூரி அது. மீனவர் வீட்டிலிருந்து ஒரு பெண் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அன்று மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏற வேண்டும். பஸ் கட்டணம் ஒரு தடை. மாலையில் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும் என்ற வீட்டுக் கட்டளை அதைவிடப் பெரிய தடை. அப்பா கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டார். வீட்டில் முடிவெடுக்கும் அம்மா மகளை அவ்வளவு தூரம் தனியே அனுப்பத் துணிய மாட்டார். கல்லூரி நடக்கும் தூரத்துக்கு வந்ததும் அந்தப் பேச்சே எழவில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டில் முதலிடம் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் இப்படி வாசலுக்கு வந்த கல்வி இருக்கிறது. பேச்சிப்பாறை பக்கத்துக் காணி பழங்குடி மக்களுக்கு அது இன்னும் வாசலுக்கு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சமூகங்கள் கட்டியதால் கிடைத்த நன்மை இது: அரசுக்காகக் காத்திராமல் கல்லூரிகள் எழுந்தன. அதன் மறுபக்கமும் உண்டு. நியமனம் நிர்வாகத்தின் கையில் இருந்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமை நியாயமானதே. ஆனால் அதே உரிமையின் நிழலில், எந்த வேலைக்கு எந்தச் சபை, எந்த ஊர், யாருடைய சிபாரிசு என்ற கேள்விகள் தகுதிக்கு முன்னால் வந்து நின்ற காலங்கள் உண்டு. இது ஒரு மதத்துக்கோ ஒரு சமூகத்துக்கோ உரிய குறை அல்ல. மாவட்டத்தில் யாரைக் கேட்டாலும் அடுத்தவர் கல்லூரியைப் பற்றி இதையே சொல்வார்.

அடுத்தது சம்பளம். மாணவரின் படிப்பை உண்மையில் மாற்றியது இதுதான்.

உங்கள் பெரியப்பா, அப்பா படித்த காலத்துக் கல்லூரிகள் தனியாருடையவை, ஆனால் அரசு உதவி பெறுபவை. கட்டடம் நிர்வாகத்தினுடையது, ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம். 1976இல் தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. ஆசிரியரை நினைத்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்புவது அதோடு கடினமாயிற்று. இதனால் கிடைத்தது ஒரு நிலையான ஆசிரியர் கூட்டம். ஒரே துறையில் முப்பது ஆண்டு இருந்து, அப்பாவுக்கும் மகளுக்கும் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள் அவர்கள். கல்விக் கட்டணமும் கைக்கு எட்டும் அளவில் இருந்தது. ரப்பர் பால் வெட்டுபவரின் மகன் பி.எஸ்சி. முடித்து வங்கித் தேர்வு எழுதியது இந்த ஏற்பாட்டின் பலன்.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. நம் மாவட்டத்தில் 1989இல் குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் பொறியியல் கல்லூரி தொடங்கியது. 2008இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. 1990களில் தோவாளை, சுங்கான்கடை என்று வரிசையாகக் கல்லூரிகள் எழுந்தன. இதில் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத ஒரு கணக்கு இருக்கிறது. கேரளத்தில் சுயநிதி தொழிற்கல்லூரிகளுக்கு 2001 வரை கதவு திறக்கவில்லை. அதுவரை இடம் கிடைக்காத நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் பிள்ளைகளுக்கு எல்லை தாண்டினால் கல்லூரி. மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் வாடகை வீடுகளும் மெஸ்களும் பெருகியதற்கு அவர்கள் பெரிய காரணம். கேரளம் தன் கதவைத் திறந்ததும் அந்த வரவு குறையத் தொடங்கியது. 2010களில் மாநிலம் முழுவதும் பொறியியல் மோகம் தணிந்தபோது நம் பக்கம் அடி இரட்டிப்பாக விழுந்தது. சிவில், மெக்கானிக்கல் வகுப்புகள் ஆளில்லாமல் சுருங்கின. கணினி சார்ந்த பிரிவுகளை மட்டும் வைத்துக் காலம் தள்ளும் கல்லூரிகள் இன்று உண்டு. பி.எட். கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 2015இல் படிப்பு இரண்டு ஆண்டாக நீண்டதும் கூட்டம் வடிந்தது.

கலைக் கல்லூரிக்குள் நடந்தது இதைவிட நுட்பமானது. அரசு புதிய பணியிடங்களுக்கு உதவித்தொகை தருவதை இறுக்கியதும், அதே வளாகத்திலேயே சுயநிதிப் பிரிவுகள் முளைத்தன. காலையில் உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு. ஆசிரியர் அறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு மேசையில் இருப்பவருக்குக் கருவூலத்திலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விகிதத்தில் சம்பளம். அடுத்த மேசையில் இருப்பவரும் அதே பாடத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வும் முடித்தவர். அவருக்கு நிர்வாகம் தரும் தொகுப்பூதியம் முதலாமவர் கட்டும் வருமான வரி அளவுக்குத்தான் இருக்கும். சில கல்லூரிகளில் மே மாதம் அவருக்குச் சம்பளமே கிடையாது. கையெழுத்துப் போடும் பதிவேடும் தனி. ஒரே வினாத்தாளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் இரண்டு பேர் இவர்கள். இரண்டாமவர் பள்ளி ஆசிரியர் வேலைக்கோ அரசுத் தேர்வுக்கோ படித்துக்கொண்டேதான் பாடம் நடத்துவார். கிடைத்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மூன்று ஆண்டுப் படிப்பில் மூன்று ஆசிரியர்களைப் பார்க்கும் மாணவிதான் இதற்கு விலை கொடுக்கிறாள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது சுவருக்கு வெள்ளையடித்துக் கோப்புகளை அடுக்கிவிடலாம்; இதை வெள்ளையடிக்க முடியாது.

இதே காலத்தில் பல்கலைக்கழக முத்திரையும் இன்னொரு விதத்தில் சிதறியது. முன்பு ஊரை வைத்துப் பிரித்தார்கள், பிறகு பாடத்தை வைத்துப் பிரித்தார்கள். மருத்துவப் படிப்புகள் சென்னையிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போயின. பொறியியல் கல்லூரிகளை 2001இல் அண்ணா பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. 2008இல் பி.எட்.டுக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தது. ஒரே மாவட்டத்தில், ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் மூன்று பல்கலைக்கழகங்களின் தேர்வுக் கால அட்டவணையைச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டியதாயிற்று. மனோன்மணியம் சுந்தரனாருக்குக் கலை, அறிவியல், வணிகவியல் மிஞ்சின. அதிலும் ஸ்காட், ஹோலி கிராஸ் போன்ற கல்லூரிகள் தன்னாட்சி பெற்றுவிட்டன. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தல் எல்லாம் கல்லூரியிலேயே நடக்கும். பட்டத்தை மட்டும் பல்கலைக்கழகம் வழங்கும். ஆக, உங்கள் தாத்தா காலத்தில் பல்கலைக்கழகம் கையில் வைத்திருந்த அதிகாரத்தில் பெரும்பங்கு இன்று கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அறையில் இருக்கிறது. நல்ல துறை இதைப் பயன்படுத்திக் காலத்துக்கு ஏற்ற பாடம் வைக்கிறது. சோம்பலான துறை கடந்த ஆண்டு வினாத்தாளைத் தூசி தட்டுகிறது.

அரசு நேரடியாக வந்தது தாமதமாகத்தான், ஆனால் வந்தபோது கனமாக வந்தது. 2001இல் ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கு முன் எம்.பி.பி.எஸ். என்றால் திருநெல்வேலி, நோயாளி என்றால் திருவனந்தபுரம் என்பதே வழக்கம். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி. தமிழ்நாட்டில் அரசு நடத்தும் ஆயுர்வேதக் கல்லூரி அது ஒன்றுதான். வைத்தியசாலைகளும் வர்ம ஆசான்களும் நிறைந்த மண்ணில் அது அமைந்தது பொருத்தம். கோணத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரி. இவற்றோடு 2022 முதல், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம். மாவட்டத்தின் பஸ் கட்டணக் கணக்கில் அந்த ஆயிரம் சின்னத் தொகை அல்ல.

இவ்வளவு படித்தும் பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லையே என்று அடுத்துக் கேட்பீர்கள். கல்லூரிகளை மளமளவென்று கட்டிய சமூகங்கள் அந்த வேகத்தில் தொழில்களைக் கட்டவில்லை. ரப்பர், மீன், முந்திரி, தென்னை, சுற்றுலா ஆகியவை பட்டதாரிகளைப் பெருமளவில் வேலைக்கு எடுக்கும் தொழில்கள் அல்ல. அதனால் நம் கல்லூரிகள் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் எழுத்தர்களையும் பொறியாளர்களையும் உருவாக்கி மாநிலம் முழுவதற்கும் வளைகுடாவுக்கும் அனுப்பின. டெக்னோபார்க் என்ற மென்பொருள் நிறுவன வளாகத்தால் திருவனந்தபுரம் மீண்டும் நம் பிள்ளைகளை இழுக்கிறது. காலை ரயிலில் மடிக்கணினிப் பைகளோடு நிற்பவர்களைக் குழித்துறை நிலையத்தில் பார்க்கலாம்.

இனி மாமா மகள் விஷயம். கல்லூரியின் பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள், துறையை வைத்துச் சேருங்கள். ஒரே கல்லூரியில் ஆங்கிலத் துறை பிரமாதமாக இருக்கும், இயற்பியல் துறை ஓய்வு பெற்றவர்களின் காலியிடங்களோடு நொண்டிக்கொண்டிருக்கும். விண்ணப்பம் வாங்கும்போதே கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தப் பிரிவு உதவி பெறுவதா, சுயநிதியா? கட்டண வித்தியாசம் மட்டுமல்ல, ஆசிரியர் நிலைப்பார்களா என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், மூன்று ஆண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவர் எத்தனை பேர்? தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள்? அறிவியல் பிரிவு என்றால் ஆய்வகத்தை நேரில் பார்க்கக் கேளுங்கள்; கருவிகளின் மேல் போர்த்திய துணியைப் பார்த்தாலே எத்தனை நாளாக எடுக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

விளவங்கோடு பக்கத்துப் பிள்ளையாக இருந்து பள்ளியில் மலையாளம் படித்திருந்தால், முதல் பகுதி மொழிப் பாடமாக மலையாளம் அந்தக் கல்லூரியில் உண்டா என்று முன்பே விசாரியுங்கள். எல்லாக் கல்லூரியிலும் கிடையாது. வீட்டிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதையும் சேர்க்கைக்கு முன் ஒரு முறை வேலை நாள் காலையில் அந்தப் பிள்ளையையே ஏற்றி அனுப்பிப் பாருங்கள். மதியப் பிரிவில் இடம் கிடைத்தால் மாலையில் திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டுவிட்டு அதன் பிறகு பணம் கட்டுங்கள்.